ஆய்வுக்கு ஓர் ஒப்பாரி

லண்டன்,
12 ஒக்டோபர் 1933

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த மழைக்காலத்தில் உங்கள் முழங்கால் நோவு தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். கனகத்தின் கடிதங்கள் தவறாமல் வருகின்றன. குண்டசாலையில் தகப்பன் வீட்டில் இருந்துகொண்டு, மாமா வேலை பார்க்கும் கொக்கோத் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறாள், அணில் தின்ற காய்களைப் பற்றி எழுதுகிறாள். புருஷனுக்குத் தன்னைப் பற்றி மட்டும் எழுதுவதில்லை.

நீங்கள் திருத்தி அனுப்பிய என் ஆய்வின் இரண்டாம் அதிகாரம் கிடைத்தது. அடைமொழி ஒன்றைக்கூட உயிரோடு விடவில்லை. பேராசிரியரிடம் காட்டினேன். "உன் அக்காவை இங்கே அனுப்பிவிட்டு நீ ஊருக்குப் போகலாமே" என்றார்.

கலாநிதிப் பட்டத்துக்கு ஒருவனை இங்கே எப்படித் தயார் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். வியாழக்கிழமை தோறும் பேராசிரியரின் அறையில் தேநீர். ஒருவன் தன் அதிகாரத்தை வாசிப்பான், மற்றவர்கள் அதைக் கிழிப்பார்கள். கிழிபட்டவன் சிரித்துக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும். எந்தச் சஞ்சிகைக்குக் கட்டுரை அனுப்புவது, யாருக்கு முதலில் கை கொடுப்பது என்பதையும் அவரே சொல்லித் தருகிறார்.

என் கட்சி உங்களுக்குத் தெரியும். தோட்டத்துப் பெண்களின் ஒப்பாரியில் கேட்கும் துயரம் பாடுகிறவளுடையது அல்ல. வழிவழியாக வந்த தொடர்களை அவள் கோத்துப் பாடுகிறாள், அவ்வளவுதான். இதை நிறுவ நல்ல பாட்டுகள் போதாமல் இருக்கின்றன. பன்விலத் தோட்டப் பள்ளிக்கூடத்து செல்லச்சாமி மாஸ்டர், பாப்பம்மா என்றொருத்தியைப் பற்றி எழுதியிருக்கிறார். நீங்கள் ஒருமுறை போய் எழுதி எடுத்து அனுப்ப வேண்டும். ஜூன் மாதத்துக்குள் ஆய்வைக் கொடுக்காவிட்டால் கொழும்புக் கல்லூரியில் எனக்கென்று வைத்திருக்கும் விரிவுரையாளர் பதவி வேறொருவருக்குப் போய்விடும். பிறகு பழைய கிளாக்கர் வேலைதான்.

உங்கள் தம்பி,
வீரசிங்கம்


கண்டி,
5 நவம்பர் 1933

அன்புள்ள தம்பி வீரசிங்கத்துக்கு,

முழங்கால் இருந்தபடியே இருக்கிறது. குளிருக்குக் கம்பளிச் சட்டை போடுகிறாயா? கனகம் சுகம். போன மாதம் பார்த்தேன், கொஞ்சம் தேறியிருக்கிறாள்.

பன்விலவுக்குப் போய்வந்தேன். பாப்பம்மாவுக்கு என் வயது இருக்கும். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னாங்க டீச்சரம்மா, சாவே இல்லாம ஒப்பாரி படிக்கச் சொல்றீங்க? கல்யாணம் இல்லாம தாலி கட்டச் சொல்ற மாதிரில்ல இருக்கு" என்றாள் பாப்பம்மா.

"நம்ம தொரைக்குப் படி அக்கா" என்றாள் ஒருத்தி.

"அந்தாளு செத்தா ஒப்பாரி எதுக்கு? கும்மிதான்."

அவளுடைய கணவன் இறந்தபோது பாடியதையாவது சொல் என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அவர அனுப்பி வச்சாச்சுங்க. திரும்பக் கூப்பிடக் கூடாது" என்றாள். யாருக்கு, என்ன முறை, எங்கே செத்தார் என்று தெரியாமல் வாயைத் திறக்க மாட்டாளாம். அப்படிப் பாடினால் பாட்டு வாசலிலேயே நின்று யாரையாவது கூட்டிக்கொண்டு போய்விடுமாம்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் கட்சியிலும் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் நான் நம்புவதற்காக நீ பரீட்சை எழுதவில்லை. பரீட்சகர்கள் கேட்கக்கூடிய கேள்விகள் சிலவற்றைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். முதல் கேள்வி இது: பாடுகிறவளின் வாழ்க்கையை விசாரிக்காமல், அது பாட்டில் இல்லை என்று எப்படிச் சொல்கிறாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
அன்னப்பிள்ளை


லண்டன்,
28 நவம்பர் 1933

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கம்பளிச் சட்டையை உள்ளேயும் வெளியேயும் போட்டிருக்கிறேன். உங்கள் கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு என்னோடு படிக்கும் வேல்ஸ் நாட்டுக்காரன் ஒருவன், தனக்கும் ஒன்று எழுதித் தரச் சொல்லுங்கள் என்று நச்சரிக்கிறான்.

பாப்பம்மாவைப் பற்றி யோசித்தேன். பேராசிரியரிடமும் பேசினேன். இட்டுக்கட்டிய ஆளுக்குப் பாடிய பாட்டு ஆய்வுக்கு உதவாது, உறவு உண்மையாக இருக்க வேண்டும் என்கிறார். ஆகவே என் பெயரைச் சொல்லுங்கள். கடல் கடந்து படிக்கப் போன தம்பி அங்கேயே இறந்துவிட்டான் என்று சொல்லுங்கள். அக்காவும் உண்மை, தம்பியும் உண்மை, கப்பலும் உண்மை. சாவு ஒன்றுதான் பொய். எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லால் ஆள் சாவதில்லை என்று எனக்குப் படிப்பித்தவர் நீங்கள்தான்.

கோபிக்க வேண்டாம். வேறு வழி தெரியவில்லை. நாட்கள் ஓடுகின்றன. கனகத்துக்கு இதைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் பயந்தவள்.

என்றும் உங்கள் தம்பி,
வீரசிங்கம்


கண்டி,
20 டிசம்பர் 1933

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம்.

நீ கேட்டது இத்துடன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாடினாள். நீ எழுதியபடியே சொன்னேன். கேட்டதும் கூந்தலை அவிழ்த்து விட்டாள். என்னை அணைத்துக்கொண்டு பாடியதால் முதல் வரிகளை எழுத முடியவில்லை. இது இரண்டாவது:

கப்பலேறிப் போன தம்பி
கடுதாசியா வருவேன்னே
கடுதாசி வந்ததய்யா
கையெழுத்து ஒன்னுதில்லே

மிச்சத்தைத் தாளில் பார். உறவுமுறைச் சொற்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. பெண்கள் என்னிடம் பலதும் விசாரித்தார்கள். தம்பிக்குக் கலியாணம் ஆகிவிட்டதா, மனைவி எந்த ஊரில் இருக்கிறாள் என்றார்கள். பதில் சொன்னேன்.

இனி இப்படி ஒன்றை என்னிடம் கேட்காதே.

அக்கா


லண்டன்,
12 ஜனவரி 1934

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பொட்டலம் நேற்று வந்தது. இரவு முழுவதும் நித்திரை இல்லை. அந்தப் பாட்டு ஒரு பொக்கிஷம். நேற்றைய வியாழக்கிழமைத் தேநீரில் வாசித்தபோது ஒருவனும் அதைக் கிழிக்கவில்லை. இறந்துபோன வீரசிங்கத்துக்காக எல்லோரும் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார்கள். மிகவும் சிரித்தோம்.

ஒன்று விளங்கவில்லை. நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் 26 அன்று, உங்களிடமிருந்து ஒரு தந்தி வந்தது. நான் சுகமா என்று கனகத்தின் பெயருக்கு உடனே பதில் தந்தி அடிக்கச் சொல்லியிருந்தீர்கள். "சுகம். ஏன்?" என்று அடித்தேன். அந்த "ஏன்" அப்படியே நிற்கிறது. அதற்குக் கனகத்திடமிருந்தும் பதில் தந்தி இல்லை. அவள் இப்படி இருப்பவள் அல்ல. ஏதும் நோயோ? மாமாவுக்கும் எழுதியிருக்கிறேன்.

தயவுசெய்து ஒளிக்காமல் எழுதுங்கள். உங்கள் சுகத்தையும் எழுதுங்கள்.

தம்பி வீரசிங்கம்


கண்டி,
4 பெப்ரவரி 1934

அன்புள்ள தம்பிக்கு,

கனகம் உயிருக்கு ஆபத்தில்லாமல் இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நாலுமுறை தொடங்கிக் கிழித்தேன்.

ஒருவனுக்கு ஒப்பாரி பாடியவள் அவனுடைய வீட்டு வாசலை மிதிக்காமல் இருக்கக் கூடாதாம். லயத்து வழக்கம். எனக்குத் தெரியாது. ஊர் ஊராக இந்தப் பாட்டுகளைச் சேகரித்தவன் நீ, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறு ஞாயிறு, நத்தாருக்கு முதல்நாள், பாப்பம்மாவும் அவளோடு ஏழெட்டுப் பெண்களும் பன்விலவிலிருந்து கால்நடையாகவே குண்டசாலைக்கு வந்துவிட்டார்கள். தோட்டத்து ரோட்டில் ஏறும்போதே கூந்தலை அவிழ்த்து, மாரில் அடித்துக்கொண்டு, உன் பெயரைச் சொல்லி அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள். கனகம் கிணற்றடியில் நின்றிருக்கிறாள்.

அவளுடைய அப்பா எனக்கு ஆள் அனுப்பினார். நான் கார் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வட்டமாக இருந்தார்கள். நடுவில் கனகம். தாலியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். அவள் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் அதையே வாங்கிச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வாழ்நாளில் ஒப்பாரி பாடியிராதவள். அந்தக் குரல் அவளிடம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"தம்பி உயிரோடை இருக்கிறான்! பொய்! எல்லாம் பொய்!" என்று கத்தினேன். பாப்பம்மாதான் முதலில் திரும்பினாள்.

"டீச்சரம்மா, நீங்கதானே சொன்னீங்க?"

எல்லோருக்கும் முன்னால் அப்படிக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் படிப்புக்காக என்றேன், ஆராய்ச்சி என்றேன். அவள் தலைமயிரை முடிந்துகொண்டு, "படிச்சத திருப்பி எடுக்க எங்களுக்குத் தெரியாதுங்களே" என்றாள். பிறகு கனகத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த வழியே போனாள். ஒருவரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கனகம் என்னை நம்பவில்லை. உன் தந்தி வரும்வரை பாயில் படுத்தே இருந்தாள். தந்தி வந்த பிறகு ஐயரைக் கூப்பிட்டுத் தாலியைத் திரும்பக் கோத்துப் போட்டார்கள். போட்டுக்கொண்டாள். பேச்சுத்தான் குறைந்துபோயிற்று.

அன்று அவள் என்ன சொல்லி அழுதாள் என்று கேட்காதே. அதை நான் எழுத மாட்டேன். நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா


லண்டன்,
27 பெப்ரவரி 1934

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் கனகமும் அந்த அதிர்ச்சியிலிருந்து தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். கனகத்துக்குத் தனியாக நீண்ட கடிதம் எழுதியிருக்கிறேன். குற்றம் என்னுடையது. நீங்கள் உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் பேராசிரியருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சொன்னார்: "வீரசிங்கம், உன் அக்காவின் முதல் கேள்விக்கு இதுதான் பதில்." அக்கா, பொறுமையாக வாசியுங்கள். பாப்பம்மா பாடி வளர்ந்தவள், அவளிடம் பழைய தொடர்கள் வருவதில் வியப்பில்லை. ஆனால் வாழ்நாளில் பாடாத ஒருத்தி, படித்தவள், உண்மையென்று நம்பிப் பாடியிருக்கிறாள். அவள் வாயிலும் அதே தொடர்கள் வந்திருந்தால் என் கட்சி நிலைத்துவிடும். எனக்கு முன்னே ஒருவருக்கும் இப்படி ஒரு பாட்டு கிடைத்ததில்லை. இறந்தவனே ஆராய்ச்சியாளன்!

அவள் சொன்ன வரிகளை அவளிடமே கேட்டு எழுதி அனுப்புவீர்களா? ஆறிய புண்ணைக் கிளறுவது போல் இருக்கும், தெரியும். ஆனால் இந்த ஒரு அதிகாரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நான் பதவியோடு திரும்பினால் அவளுக்கும் நல்லதுதானே?

முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

வீரசிங்கம்


கண்டி,
25 மார்ச் 1934

தம்பிக்கு,

தைலம் வந்தது.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் என்ன எழுத வேண்டும் என்று மறந்துவிட்டது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து திரும்பவும் வாசித்தேன். சிறுவயதில் நான் எழுத்துப் படிப்பித்த பிள்ளைதான் இதை எழுதினான் என்று மனதில் பதிய நேரம் எடுத்தது.

கனகத்திடம் மறைத்துவிடலாம் என்றுதான் போனேன். கையெழுத்தைக் கண்டு வாங்கிக்கொண்டாள். இரண்டுமுறை வாசித்தாள்.

"என்னத்தைக் கேக்கிறார் மச்சாள்? நான் அழுததையோ?"

"ஓம்."

"அது செத்தவருக்குச் சொன்னது. உயிரோடை இருக்கிறவருக்குச் சொன்னதில்லை எண்டு எழுதிவிடுங்கோ."

எழுதிவிட்டேன். அன்று அவள் சொல்லி அழுததில் ஒரு பகுதி என் காதில் விழுந்தது. அதை நீ என்னிடமிருந்து பெறப்போவதில்லை. வேறு பாட்டுகளைத் தேடு. பரீட்சைக்கு வேறு கேள்விகள் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

அக்கா


லண்டன்,
20 ஜூலை 1934

அன்புள்ள அக்காவுக்கு,

நீண்ட காலம் எழுதாததற்கு மன்னியுங்கள். சுகமாக இருக்கிறீர்களா? நான் இளைத்துவிட்டேன், ஆனால் சந்தோஷமாக இருக்கிறேன். நேற்று வாய்மொழிப் பரீட்சை முடிந்தது. பட்டம் கிடைத்துவிட்டது. கொழும்புக்குத் தந்தி போய்விட்டது, பதவி எனக்குத்தான். செப்டெம்பர் நடுவில் கப்பல் ஏறுகிறேன்.

இனி ஒளிக்கத் தேவையில்லை. செல்லச்சாமி மாஸ்டருக்கு எழுதினேன். கனகம் சொல்லச் சொல்ல வாங்கிப் பாடியவர்கள் அந்தப் பெண்கள்தானே? பாப்பம்மா ஒரு வரி விடாமல் சொல்லியிருக்கிறாள், மாஸ்டர் எழுதி அனுப்பினார். பாடியவளின் பெயரை நான் போடவில்லை. "படித்த ஒரு பெண், குண்டசாலை" என்று மட்டும்தான் இருக்கிறது. உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் கேளுங்கள், நான் சொன்னதுதான் சரியாயிற்று. இந்த வரிகளைப் பாருங்கள்:

ஏழு மாசத்திலை வந்தவளை
எழுப்பாமல் குடுத்தனே
கொக்கோ மரத்தடியிலை
கண் திறவாமல் கிடக்கிறாளே
ஆரிட்டை இனிச் சொல்லுவன்

குழந்தையை மண்ணுக்குக் கொடுத்த தாயின் தொடர் இது. தோட்டத்துப் பாட்டுகளில் இரண்டில் இதே தொடர் இருக்கிறது, அங்கே வாழை மரத்தடி. கனகத்துக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. ஆனாலும் துயரம் வந்ததும் அந்தத் தொடர் தானாக வாயில் வந்திருக்கிறது! வாழைக்குப் பதிலாகத் தன் கண்முன் நின்ற கொக்கோவை வைத்திருக்கிறாள். பாட்டில் பாடுகிறவளின் வாழ்க்கை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மூத்த பரீட்சகர் என்னிடம் கேட்டார்: "இந்தப் பெண்ணுக்கு உண்மையில் குழந்தை இருந்ததில்லை என்பது நிச்சயமா?" நிச்சயம் என்றேன். "எப்படித் தெரியும்?" என்றார். "எனக்கு அவளைத் தெரியும்" என்றேன். கையைக் குலுக்கினார். அந்தப் பக்கத்தை மட்டும் தனிக் கட்டுரையாக வெளியிடச் சொல்கிறார்.

உங்கள் சிவப்பு மைக்கும் கேள்விகளுக்கும் நான் கடன்பட்டவன். கனகத்துக்குச் செய்தியைச் சொல்லுங்கள். கப்பல் நாள் உறுதியானதும் எழுதுகிறேன்.

உங்கள் அன்புத் தம்பி,
கலாநிதி வீரசிங்கம்


கண்டி,
12 ஓகஸ்ட் 1934

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பு தேற வேண்டும். பட்டம் பெற்றதை வாசித்தேன். இந்தக் கடிதத்தை அறையில் தனியாக இருந்து வாசி.

கனகத்துக்கு ஒரு பிள்ளை பிறந்தது. நீ 1932 செப்டெம்பரில் கப்பலேறினாய். அப்போதே அவளுக்குக் கரு தங்கியிருக்குமோ என்று ஐமிச்சம். நிலைக்கட்டும், பிறகு எழுதுவோம் என்று இருந்தாள். நிலைத்த பிறகு, உன் முதல் வருஷப் பரீட்சை முடியட்டும், படிப்புக் குழம்பும், எழுதாதே என்று நான்தான் தடுத்தேன். மாசி மாதத்தில் ஏழு மாதப் பிள்ளையாகப் பிறந்தது. பெண். கண் திறக்கவில்லை. மாமா குவாட்டர்ஸுக்குப் பின்னால் கொக்கோ மரத்தடியில் வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகும் எழுதாதே என்றேன். அவள் உனக்கு அணில்களைப் பற்றி எழுதினாள்.

ஆகவே அந்த வரியில் வாழை இல்லை. அதை ஒருவரும் மாற்றி வைக்கவும் இல்லை. மற்ற இரண்டு பாட்டுகளிலும் வாழை மரத்தடியில் இருப்பவர்கள் யார் என்று நான் பாப்பம்மாவிடம் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. என் முதல் கேள்வியைப் பரீட்சகரும் கேட்டார். உனக்குப் பதில் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் நான். ஆனால் தெரியும் என்று சொன்னவன் நீ.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேற்றுக் குண்டசாலைக்குப் போனேன். பட்டம் கிடைத்துவிட்டது என்றேன். தலையாட்டினாள். பிறகு கேட்டாள்:

"பாட்டை வாசிச்சவரோ?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"மாஸ்டர் வந்து கேக்கிறார், சொல்லவோ விடவோ எண்டு பாப்பம்மா ஆள் அனுப்பினவ. முதல் வேண்டாமெண்டுதான் நினைச்சன். பிறகு சொல்லச் சொன்னனான். எத்தினை தரம் கடிதாசி எழுதிப் பாத்தன் மச்சாள், அந்த இடம் வந்தால் கை ஓடேல்லை. சரி, பாட்டாய் எண்டாலும் அவருக்குப் போய்ச் சேரட்டும் எண்டு விட்டனான்."

"கனகம்..."

"இப்ப அவருக்குத் தெரியுந்தானே? ரெண்டு மாசமாய்த் தபால் பாக்கிறன். உங்களுக்கு என்ன எழுதினவர்?"

கடிதம் என் கைப்பையில் இருந்தது. அதை அவளிடம் கொடுக்க என்னால் முடியவில்லை. "உனக்குத் தனியா எழுதுவான்" என்றேன். நம்பிவிட்டாள். எனக்குத் தேநீர் வைக்க எழுந்து போனாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் நடையில் ஒரு விரைவைக் கண்டேன்.

அந்தப் பக்கத்தை வெளியிடுவதா, பல்கலைக்கழகத்துக்கு உண்மையை எழுதுவதா என்பது உன் பாடு. அதற்கு நான் கேள்வித்தாள் தயாரிக்க மாட்டேன். கப்பல் ஏறுவதற்கு முன் அவளுக்கு எழுது. ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். பிள்ளைக்குக் கனகம் ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அது என்னவென்று அவளிடமே கேள்.

இரவில் நித்திரை கொள்.

உன் அக்கா,
அன்னப்பிள்ளை